சேற்றில் இறங்கிய லாரி

வாடகையை உயர்த்தித் தரும்வரை யாரும் கொப்பரை ஏற்றுவதில்லை என்று சிகிஹோர் தீவின் லாரிக்காரர்கள் பேசி முடித்திருந்தார்கள். கையைத் தூக்கிச் சம்மதம் சொன்னவர்களில் க்ரிசாந்தோவும் ஒருவன். ஆனால் சொந்த லாரி வாசலில் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மண்டிக்காரர் கொடுத்த பழைய வாடகைக்கே மூட்டைகளை ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, மலைப்பாதை வழியாகத் துறைமுகத்துக்குக் கிளம்பினான். வழியில் மழைச் சேற்றில் பின்சக்கரம் புதைந்துவிட்டது.

அந்தப் பக்கம் வந்த விர்ஹிலியோ தன் லாரியை நிறுத்தினார். போராட்டத்தை முன்னின்று நடத்துபவர் அவர்தான். கொப்பரை வாடை அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் கேட்காமல் கயிறு கட்டி இழுத்துவிட்டார்.

"அண்ணே, வந்து..." என்று இழுத்தான் க்ரிசாந்தோ.

"கப்பல் கெளம்பிடப் போவுது, போடா. பிரேக்கைப் பாத்துக்க, சேறு ஏறியிருக்கும்."

அவர் திட்டியிருந்தால் இவனும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பான். காது மடல் எரிய, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் மூட்டைகளை மண்டியிலேயே இறக்கினான். மாலையில் லாரிக்காரர்கள் கூடியபோது விர்ஹிலியோ பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். க்ரிசாந்தோ கடைசிவரை நின்றுகொண்டே இருந்தான்.