லேமினேட் செய்த பெர்மிட்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை. விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலிருந்த நான்கு வாடகைக் கார் கவுண்டர்களில் ஒன்று மட்டும் திறந்திருந்தது.

அதன் முன் நின்றவர் ஊரில் பழைய கார் புரோக்கர். மனைவியோடு அப்போதுதான் அந்த வெளிநாட்டில் வந்து இறங்கியிருந்தார். இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள நகரில் மதியம் மகளுக்குப் பதிவுத் திருமணம். அப்பா அம்மாவில் ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். மாப்பிள்ளையே வந்து அழைத்துப் போவதாகச் சொன்னதற்குப் புரோக்கர் சம்மதிக்கவில்லை. முன்பின் பார்த்திராதவன் காரில் போய் இறங்கினால் இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டதாக ஆகிவிடும் என்றார். சொந்தமாகக் கார் எடுத்து, தானே ஓட்டிப் போவது என்று முடிவாயிற்று.

கவுண்டரில் இருந்த இளைஞன் அவர் லைசென்ஸைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே, "வாங்க சார், பயணம் எல்லாம் நல்லா இருந்துச்சா?" என்றான்.

புரோக்கர் மனைவியின் காதருகே குனிந்தார். "நம்ம பாஷை பேசுறான். ஜாக்கிரதை. வெளியூர்ல மொதல்ல தலையில மொளகா அரைக்கிறது இவனுங்கதான்."

"அவன் காதுலயும் விழுந்திருக்கும்," என்றாள் மனைவி.

காகிதங்களுக்கு முன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். இளைஞன் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனான். வெள்ளைக் கார், புதிது. புரோக்கர் கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவு கதவாக ஒட்டிப் பார்த்தார். நசுங்கலைப் பட்டி வைத்து நிரப்பிப் பெயின்ட் அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. அதுவே அவருக்கு உறுத்தியது. தரையில் படுத்து அடிப்பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டார்.

"சார், இது வாடகைக்குத்தான். விலைக்கு இல்ல," என்றான் இளைஞன்.

"திருப்பி விடும்போது கீறல்னு காசு புடுங்குவீங்கல்ல தம்பி?"

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

கவுண்டருக்குத் திரும்பியதும் இளைஞன் பன்னாட்டு ஓட்டுநர் பெர்மிட்டைக் கேட்டான். புரோக்கர் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து வைத்தார். சின்னப் புத்தகம். புகைப்படப் பக்கம் தெரியும்படி விரித்து, கெட்டிப் பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்திருந்தார்.

இளைஞன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த நாட்டு மொழியில இருக்கிற பக்கம் எங்க சார்?"

"உள்ளதான் இருக்கு."

"திறக்க முடியலையே. இதுக்குள்ள யாரு போட்டோவ மாத்தி வெச்சாலும் எங்களுக்குத் தெரியாது. இப்படியே எடுத்துக்க முடியாது சார்."

"என்னையே சந்தேகப்படுறியா?"

மனைவி மெதுவாகத்தான் பேசினாள். "லேமினேட் பண்ண ஆர்.சி. புக்கக் கண்டா வண்டியே வேணாம்னு திருப்பி அனுப்புற ஆளு நீங்க. உங்களுக்கா இது தெரியாது?"

"மழையில நனைஞ்சா என்ன பண்றது? அதான்."

"மழைக்குப் பயந்தா, கல்யாணத்துக்குப் போகாம இருக்கவா?"

பிரித்துக் காட்டினால் மேலாளரிடம் கேட்டுப் பார்ப்பதாக இளைஞன் சொல்லி, கத்தரிக்கோலை நீட்டினான். புரோக்கர் வாங்கவில்லை. "வெட்டினதும் செல்லாதுன்னு சொல்லிடுவான். எனக்குத் தெரியாதா?"

மனைவி வாங்கி ஓரமாக வெட்டினாள். பிளாஸ்டிக்கை உரித்தபோது புகைப்படம் பாதி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

இளைஞன் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தான். "மன்னிச்சிடுங்கம்மா. வண்டி தர முடியாது. வெளியே டாக்சி நிக்குது. இப்ப கிளம்பினா நேரத்துக்குப் போயிடலாம்."

"பாத்தியா, டாக்சிக்காரனோட கூட்டு," என்றார் புரோக்கர்.

வாசலில் முதல் டாக்சியில் மனைவி ஏறி உட்கார்ந்தாள். புரோக்கர் குனிந்து மீட்டரைப் பார்த்தார். ஓட்டுநர் சொன்ன மொத்தத் தொகையைக் கேட்டு நிமிர்ந்தார். "எறங்கு. வேற வண்டி பாப்போம்."

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

கதவு சாத்தப்பட்டது. டாக்சி கிளம்பியது.

பதிவேட்டில் பெண் வீட்டுச் சாட்சியாக அம்மா கையெழுத்திட்டாள். புரோக்கர் மாலைப் பேருந்தில் வந்து சேர்ந்தபோது அலுவலகம் மூடியிருந்தது.