பற்றறி வேண்டாத கமரா

பாசையூரில் ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது, நான்கு வயது ஜசிந்தா தன் அக்கா பெர்னடெட் எப்படி இருப்பாள் என்று கேட்டாள். பெர்னடெட் இறந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்த தொண்ணூறாம் ஆண்டு குடும்பம் குருநகர் வீட்டை விட்டு ஓடிவந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, நெருப்புக் காய்ச்சல் வந்து ஆறு வயதில் போய்விட்டாள். குருநகர் வீடு ஷெல் விழுந்து எரிந்ததில் சுவரில் இருந்த படங்களும் போயின. அடக்கத்துக்குப் படம் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை.

வட்ட முகம் என்றான் தகப்பன் வின்சன்ற். மூத்த மகள், பன்னிரண்டு வயது மெற்றில்டா மறுத்தாள். நாடி கூர், தன்னுடையதைப் போல, என்றாள். பிறகு இரண்டு பேரும் தாய் கத்தரீனாவைப் பார்த்தார்கள். அவளுக்குப் பிள்ளையின் குரல் நினைவுக்கு வந்தது. தலைமயிரின் மணமும், குதிக்காலைத் தூக்கி நடக்கிற நடையும் வந்தன. முகம் வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினாள்.

அடுத்த கிழமை, தான் ஒரு கமரா வாங்கப்போவதாகச் சொன்னாள். வின்சன்றுக்கு அது விசராகப் பட்டது. படம் எடுப்பது பயணம் போகிற பாசுக்கும் செத்தவீட்டுக்கும்தான் என்றான். அப்படி ஆசையென்றால் ஸ்ரூடியோவுக்குப் போய் எல்லோருமாக ஒன்று எடுத்தால் போதாதா என்றும் கேட்டான்.

"அது நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிக்கிற முகம். எனக்கு வீட்டு முகம் வேணும்," என்றாள் கத்தரீனா.

அவன் தன்னைப் படம் எடுக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தான்.

யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரியகடைப் பகுதியில் இருந்த தம்பிஐயாவின் ஸ்ரூடியோ சண்டையில் இடிந்துபோய், இப்போது பட்டினத்துக்கு வெளியே திருநெல்வேலிச் சந்தியில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் நடந்தது. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போன கமராக்கள் அவரிடம் இருந்தன. கத்தரீனா மீன் விற்று முடித்த கையோடு, மீன் கடகப்பெட்டியைச் சைக்கிளில் கட்டியபடி அங்கே போனாள். தம்பிஐயா மூன்று கமராக்களை எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாவது கனமானது. அதைத் தொடும்போது அவர் குரலே மாறியது. இந்த வளையம் தூரத்துக்கு, இது வெளிச்சத்துக்கு, மேலே உள்ள சக்கரம் வேகத்துக்கு என்று விளங்கப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலே ஒன்று இல்லை என்றார். கத்தரீனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் கடைசி மகள் ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்றாள். வளையங்களைத் திருப்பி முடிப்பதற்குள் அவள் கடற்கரைக்கு ஓடியிருப்பாள்.

இரண்டாவது கையளவு. அமத்தினால் போதும், மிச்சமெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும், இருட்டில் லைற்றும் அடிக்கும். கத்தரீனாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கண்ணில் வைத்து அமத்திப் பார்த்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. அதற்கு இரண்டு பற்றறி வேண்டும் என்று தம்பிஐயா தயங்கிச் சொன்னார். யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வர அரசாங்கம் தடை போட்டு இரண்டு வருடம். சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கிற காலம்.

"பற்றறிக்கு எங்கை ஐயா போறது?"

"வவுனியாவிலையிருந்து ஆரும் ஒளிச்சுக் கொண்டுவந்தால்தான் பிள்ளை."

மூன்றாவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புப் பிளாஸ்ரிக், ஒரு மூலையில் வெடிப்பு. கத்தரீனா தானே எடுத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே ஒரு சூரியனும் ஒரு முகிலும் கீறியிருந்தன. வெயில் என்றால் சூரியன், மந்தாரம் என்றால் முகில், அவ்வளவுதான், இது விளையாட்டுச் சாமான் என்றார் தம்பிஐயா. முகம் கூர்மையாக வராது. ஆறடிக்குக் கிட்டப் போகக்கூடாது.

ஆறடி என்றால் எவ்வளவு என்று கத்தரீனா கேட்கவில்லை. வலைக்கயிறு அளக்கிறமாதிரி இரண்டு கையையும் விரித்தாள்.

"ஒரு பாகம்."

தம்பிஐயா சிரித்தார். அவரை வாசலில் போய் நிற்கச் சொல்லி, ஒரு பாகம் தள்ளி நின்று அமத்தினாள். பூட்டுத் திறக்கிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. இதை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். இருபத்துநாலு படம் எடுக்கிற கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்றைத் தம்பிஐயாவே அதில் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஒரு பிலிமை அவள் மூன்று மாதம் வைத்து எடுத்தாள். மெற்றில்டா சீப்பால் தலை இழுப்பதை எடுத்தாள். ஜசிந்தா மாங்காய் கடித்துக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் இருப்பதை, காய்ச்சல் மாறி எழும்பிய காலையில் போர்வையோடு வாசலில் நிற்பதை எடுத்தாள். குண்டு போடுகிற பொம்மர் வந்து போன பிறகு, பதுங்கியிருந்த பங்கருக்குள் இருந்து வெளியே வருகிற இரண்டு தலைகளை எடுத்தாள். வின்சன்ற் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், வேலியோரம் நின்று அவனையும் எடுத்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். மறுபடி வலையைப் பொத்தத் தொடங்கினான்.

பிலிம் கழுவுகிற மருந்து வர மேலும் ஐந்து கிழமை ஆனது. பதினாலு படம் தேறியது. தொடக்கத்தில் எடுத்ததில் பாதி, தலை வெட்டுப்பட்டு, புகையாக இருந்தது. ஆசையில் கிட்டப் போய்விட்டாள். மீதிப் படங்கள் நல்லவை என்று தம்பிஐயா ஒத்துக்கொண்டார். சிலவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ஸ்ரூடியோவில் சனம் முகத்தை இப்படி இயல்பாக விட்டுவைப்பதில்லை என்றார்.

வீட்டில் வின்சன்ற் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். தன்னுடைய படத்தில் கூடநேரம் நின்றான். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிய, வலைக்கு மேலே குனிந்திருந்தான்.

"நான் இவ்வளவு மெலிஞ்சு போனனே?"

"ஓம்," என்றாள் கத்தரீனா.

"நீ சொல்லேல்லை."

"ஒவ்வொரு நாளும் பார்க்கிற எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் படங்களைத் திரும்ப அடுக்கினான். அடுக்கும்போதுதான், பதினாலில் ஒன்றிலும் அவள் இல்லை என்பதைக் கண்டான். அதை அவளிடம் சொன்னபோது, படம் எடுக்கிறவள் எப்படிப் படத்தில் இருப்பது என்று கேட்டுவிட்டு மீன் வெட்டப் போனாள். அவளுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. அவனுக்குப் பட்டது. இரண்டு நாள் கழித்து, கமராவில் எதை அமத்துவது என்று மெற்றில்டாவிடம் இரகசியமாகக் கேட்டுப் பழகினான்.

அடுத்த பிலிம் கிடைக்க ஏழு மாதம் ஆனது. வவுனியாவுக்குப் போய்க் கிளாலிக் கடலால் திரும்பி வந்த ஒருவர் கொண்டுவந்தார். அதன் முதல் படத்தை வின்சன்ற் எடுத்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து, கிணற்றடியில் சேலையை மாற்றாமல் நின்ற கத்தரீனாவை அசையாமல் நில் என்று சொல்லி, முன்னும் பின்னும் நடந்து, வெகுநேரம் நிற்கவைத்தான். கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் வாளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

படம் கொஞ்சம் சரிவாக வந்திருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. அதை எறிந்துவிடச் சொன்னாள். அவன் கேட்கவில்லை. மற்றவற்றோடு ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு, குடும்ப அட்டையும் ஞானஸ்நானப் பத்திரங்களும் இருந்த பைக்குள் வைத்தான். திரும்ப ஓடவேண்டி வந்தால் முதலில் தூக்குகிற பை அது.