குறுக்கே போன பெக்

1

இந்தக் கதை நாய்ப் பந்தய மைதானத்துத் தேநீர் வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற அட்ராக்டா டூயி, சிப்ஸில் வினிகரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய தாத்தா மலாக்கிக்கும், தாத்தாவின் அக்கா டிம்ப்னாவுக்கும், பெக் என்ற பந்தய நாய்க்கும் இடையில் 1931-இல் நடந்த கதை. அவள் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் பார்க்க வந்த பந்தயம் முடிந்துவிட்டது. அரை நிமிஷத்தில் முடிகிற பந்தயத்தைப் பற்றி ஆயுசு முழுக்கப் பேசுகிற ஊர் எங்கள் கில்டாரன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

“மூடுபனி கவிந்த அயர்லாந்துப் புல்வெளியில், மெலிந்த நாய் ஒன்று சோகமாக —”

இல்லை. பெக் ஒருநாளும் சோகமாக இருந்ததில்லையாம்.

“மனிதன் நாயைப் பழக்கிய நாள் முதலாக —”

இது பள்ளிக்கூடக் கட்டுரை. (இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன். நானும் உழைத்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?)

2

கொஞ்சம் வரலாறு சொல்லியே ஆகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னெல்லாம் இது வயல்வெளி விளையாட்டு. உயிருள்ள முயலை ஓடவிட்டு, இரண்டு நாய்களை அவிழ்ப்பார்கள். குதிரைமேல் இருக்கும் நடுவர், எந்த நாய் முயலை அதிகம் விரட்டித் திருப்பியது என்று பார்த்து வெற்றியைச் சொல்வார். அதற்கு நிலம் வேண்டும், குதிரை வேண்டும், பொழுது போகாத பெரிய மனிதர்கள் வேண்டும். 1926-இல் மான்செஸ்டரில் மின்சார முயல் வந்தது. வட்டமாக ஒரு தண்டவாளம், அதன்மேல் ஒரு துணி முயல், பின்னால் நாய்கள். வேலை முடிந்து வருகிற ஆலைத் தொழிலாளிக்கு இது போதாதா? அடுத்த வருஷமே முயல் கடல் தாண்டி பெல்ஃபாஸ்டுக்கும் டப்ளினுக்கும் வந்துவிட்டது. பிறகு எங்களுக்கும் ஒன்று வந்தது.

ஆஃபலி பக்கத்துப் பாதிரியார் ஒருவர் வளர்த்த நாய், லண்டனுக்குப் போய் டெர்பி என்ற பெரிய நாய்ப் பந்தயத்தை இரண்டு வருஷம் தொடர்ந்து வென்றது.* அதோடு எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படியில் மனிதருக்கு இடமில்லாமல் நாய்கள் படுத்தன. ஆட்டெலும்புச் சாறில் ஊறிய ரொட்டி நாய்க்கு, ஊறாத ரொட்டி பிள்ளைகளுக்கு.

இங்கிலாந்திலிருந்து நாய் வாங்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் தொடர்ந்து ஜெயிக்கிற நாய் எங்கள் ஊரில் தங்காது, கப்பலேறிவிடும். இந்தக் கதையின் முள் இதுதான். டிம்ப்னா பெக்கை உயிராக நினைத்தாள். பெக்கோ ஓடினால் ஜெயிக்கிறவள்.

(* செத்த பிறகு அதைப் பாடம் செய்து கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டார்கள். இன்றும் பார்க்கலாம். அதன் முகத்தில் பெருமை ஒன்றும் தெரியவில்லை.)

3

பெக்கை ‘அது’ என்றுதான் முதலில் எழுதினேன். அட்ராக்டா வேலிக்கு மேலாகத் தாளை நீட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

“அதுன்னு எழுதினா உன் வீட்டுப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

ஆகவே, அவள். மைதானத்தில் அவளுக்குப் பெயர் ‘கில்டாரன் மகாராணி’. எங்கள் பக்கத்து நாய்களுக்கு எப்போதும் இரண்டு பெயர்; பந்தயப் பெயர் விளம்பரத்துக்கு, வீட்டுப் பெயர் சோற்றுக்கு. மகாராணி என்று கூட்டம் தொண்டை கிழியக் கத்தினாலும் பெக் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அக்காவும் தம்பியும் கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் இருந்த காலம். ஓட்டப் பயிற்சி மலாக்கியின் பொறுப்பு. சோறும் நடையும் டிம்ப்னாவின் பொறுப்பு. பெக் இரண்டு பந்தயம் ஜெயித்த பிறகு, ஹாஸ்கெட் என்ற ஆங்கிலேயர் வந்து அவள் தொடையை அமுக்கிப் பார்த்தார். மூன்றாவதும் ஜெயித்தால் கையோடு கூட்டிப்போவதாகச் சொன்னார்.

“டேய் மலாக்கி, நிஜமாவே அந்த ஆளுகிட்டக் குடுத்துடுவியா?”

“குடுக்காம? லண்டன் பேப்பர்ல நம்ம பேரு வரும்க்கா.”

“பேப்பர் வந்து என் கால்மாட்டுல படுத்துக்குமா?”

“அதுக்கு ஒரு பூனை வாங்கித் தரேன்.”

“உன் மூஞ்சி.”

மலாக்கி கெட்டவன் இல்லை. (முதல் பிரதியில் அவனைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன், மீசையெல்லாம் வைத்தேன். ஒட்டவில்லை.) பிறந்ததிலிருந்து இந்த ஊரைத் தாண்டாதவன். தான் போகமுடியாத இடத்துக்குத் தன் நாயாவது போகட்டும் என்று ஆசைப்பட்டான்.

4

இப்போது எனக்கு டிம்ப்னாமேல் சந்தேகம்.

நடைக்குப் போகும்போது பெக்கின் வாரை அவிழ்க்கவே கூடாது என்பது மலாக்கியின் கட்டளை. டிம்ப்னா அவிழ்த்தாள். ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்து ஓரமாக, தினமும் அவிழ்த்தாள். அங்கே உண்மையான முயல்கள் இருந்தன. உண்மையான முயல் நேராக ஓடாது. வளைந்து, திரும்பி, போக்குக் காட்டும். நாலு நாள் பின்னால் ஓடிக் களைத்த பெக், ஐந்தாம் நாள் யோசித்தாள். இது எப்படியும் திரும்பித்தானே வரப்போகிறது, நான் ஏன் சுற்ற வேண்டும்? குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

வயல் விளையாட்டிலேயே இந்தப் புத்தி வந்த நாய்க்கு மதிப்பில்லை. வட்ட மைதானத்தில் கேட்கவே வேண்டாம். டிம்ப்னாவுக்கு இது தெரியாதா?

ஒரு பிரதியில் அவளைச் சூழ்ச்சிக்காரி ஆக்கினேன். “குறுக்கே போடி கண்ணு” என்று நாயின் காதில் ஓதவிட்டேன். இன்னொன்றில் அப்பாவி ஆக்கினேன். கப்பலேறும்முன் குழந்தை நாலு நாள் சந்தோஷமாக ஓடட்டும் என்றுதான் அவிழ்த்தாள். இரண்டையும் வேலிக்கு மேலாக நீட்டினேன்.

“எதுடி சரி?”

“எழுதறவ நீ. என்னைக் கேக்கறே?”

“உன் குடும்பம்டி அது.”

“எங்க குடும்பத்துல யாரு நேரா பதில் சொல்லியிருக்கா?”

5

பந்தயம். இதை மட்டும் நான் ஒரே மூச்சில் எழுதினேன்.

சூரியனுக்கு மறைய மனமில்லாத ஜூன் மாலை. ஆறாம் பெட்டியில் பெக், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட மேலங்கியில். விருந்தினர் மேடையில் ஹாஸ்கெட், பக்கத்தில் சவரம் செய்து மினுமினுக்கும் மலாக்கி. டிம்ப்னா கீழே, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு. ஜெயிக்க வேண்டும் என்று அவளால் வேண்டிக்கொள்ள முடியவில்லை. தோற்க வேண்டும் என்று வேண்டினால் பாவம். வெறுமனே “பெக், பெக்” என்று முணுமுணுத்தாள்.

முயல் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. பெட்டிக் கதவுகள் எழும்பின. முதல் வளைவு வரை பெக்தான் முன்னால்.

“மகாராணி! மகாராணி!”

வளைவில் அவள் வேகம் குறைந்தது. போகிற முயலைப் பார்த்தாள். முந்தைய இரண்டு பந்தயங்களில் அவள் வெறுமனே ஓடவில்லை, அந்த முயலின் பழக்கவழக்கங்களைக் கவனித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. ஐந்து நாய்கள் புழுதி கிளப்பிக்கொண்டு சுற்றப் போயின. பெக் திரும்பி, நடுப் புல்தரையில் இறங்கி, சந்தைக்குப் போகிற மாதிரி நிதானமாக நடந்து, எதிர்ப்பக்கத் தண்டவாளத்தோரம் போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. பிறகு சிரிப்பில் வெடித்தது.

கோபுரத்தில் முயலை ஓட்டுகிற லான்டி க்ளீசன் பதறி மின்சாரத்தை நிறுத்தினான். முயல் வேகம் தளர்ந்து, உருண்டு வந்து, பெக்கின் முன்னால் மரியாதையாக நின்றது. அவள் அதைப் பிய்த்து வாயில் கவ்விக்கொண்டு, டிம்ப்னா நின்ற இடத்துக்குக் கொண்டுவந்து கம்பி வழியாகத் திணித்தாள். ஐந்து நாய்களும் வந்து சேர்ந்து, எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் ஒன்றையொன்று மோந்து பார்த்தன. சிரித்துச் சிரித்து ஒருவர் பல்செட்டையே தொலைத்தார். டிம்ப்னா சிரித்தாளா அழுதாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பெக்கின் நாக்கு மறைத்திருந்தது.

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஹாஸ்கெட் படியிறங்கி வந்தார்.

“பந்தயம் செல்லாது” என்று மைதான அதிகாரி கத்திக்கொண்டிருந்தார். “அந்த நாய் இனி இங்க கால் வைக்கக் கூடாது!”

“இங்கதானே? பரவாயில்லை” என்றார் ஹாஸ்கெட். “அந்த முதல் வளைவு வேகத்தைப் பாத்தேன். நான் எடுத்துக்கறேன். அந்த யோசிக்கிற பழக்கத்தை மட்டும் மறக்கடிச்சா போதும். எங்க ஆளுங்க ஒரு மாசத்துல மறக்கடிச்சுடுவாங்க.”

அதற்குள் பெக்கின் கழுத்தில் மாட்டிவிட்ட வாரை டிம்ப்னா இறுக்கிப் பிடித்தாள். மலாக்கி அவமானத்தில் காது சிவந்து நின்றிருந்தான். லண்டன் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, தலையாட்டினால் போதும்.

“மறக்கடிக்கறதா?” என்றான்.

“ஆமாம். பந்தய நாய்க்கு எதுக்கு மூளை?”

மலாக்கி பெக்கைப் பார்த்தான். அவள் வாயோரம் துணிமுயலின் காது தொங்கிக்கொண்டிருந்தது.

“ஐயா, ஆறு நாய் ஓடிச்சு. அதுல ஒண்ணுக்குத்தான் அந்த முயல் வெறும் கந்தல்துணின்னு தெரிஞ்சிருக்கு. அதைப் போய் முட்டாளாக்கறேங்கறீங்க. ஏற்கெனவே முட்டாளா அஞ்சு நிக்குதே, அதுல ஒண்ணை ஓட்டிட்டுப் போங்களேன்.”

ஐந்து நாய்களின் சொந்தக்காரர்களைத் தவிர எல்லாரும் கைதட்டினார்கள்.

7

முடிவுகள். என்னிடம் சில இருந்தன. லான்டி க்ளீசன் டிம்ப்னாவைக் கல்யாணம் செய்துகொள்ளும் முடிவு ஒன்று. (“லான்டிக்கு அப்பவே அறுபத்தெட்டு வயசு” என்றாள் அட்ராக்டா.) பெக் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வரும் முடிவு ஒன்று. அது கொஞ்சம் அதிகம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. பாதி வழியில் மலாக்கி நின்றான்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன். நீதானே இவளுக்குக் கத்துக்குடுத்தே? ஆமான்னா கோவிச்சுக்க மாட்டேன். இல்லைன்னா நம்ப மாட்டேன்.”

இதற்கு டிம்ப்னா சொன்ன பதிலை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்துவிட்டேன். அட்ராக்டாவுக்குத் தெரியும், சொல்ல வாயெடுத்தாள், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். கூடப்பிறந்தவர்களோடு சண்டை போட்டு வளர்ந்தவர் நீங்கள் என்றால் உங்களுக்கே தெரியும். இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

“                                        ” என்றாள் டிம்ப்னா.

நீங்கள் எதை எழுதினாலும் சரி, அடுத்த வரியை மட்டும் மாற்றாதீர்கள். அது நடந்தது: மலாக்கி சாலையோரப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் சிரித்தான்.