மல்கியாவின் மகள்

கிணற்றுத் தண்ணீருக்காக மூண்ட பகையில் மல்கியா மறைந்திருந்து என் தம்பி ஆசேலைக் கல்லால் அடித்துக் கொன்றான். அன்றே மலைக்குகைகளுக்குள் ஓடிவிட்டான்.

கொன்றவன் கிடைக்காவிட்டால் அவன் பிள்ளையைக் கொல்ல வேண்டும். யூதாவின் மலையூர்களில் அதுதான் வழக்கம். மல்கியாவுக்கு ஒரே மகள், யெமிமா. அவள் கைகளைக் கட்டி, ஊர்வாசலில் அமர்ந்திருந்த மூப்பர்களிடம் இழுத்துப்போனேன். அவள் திமிறவில்லை. ஊர் முறைக்கு என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சீக்கிரம் முடிங்க சித்தப்பா. நான் போயிட்டா அப்பாவைத் தேட மாட்டீங்கல்ல?"

மூப்பர் சக்கூர் எழுந்தார். "கட்டை அவுத்துவிடு யாசேர். எருசலேம்லேருந்து ராஜாவோட கட்டளை வந்திருக்கு. இனிமே கொன்னவன்தான் சாகணும். பிள்ளை மேல கை வைக்கக் கூடாது."

"அப்ப எங்க அப்பன், பாட்டனெல்லாம் பைத்தியக்காரனுங்களா?"

"அவங்க பழிவாங்கி ரெண்டு குடும்பம் பூண்டோட போச்சு. நீயும் பாத்தவன்தானே?"

நான் கட்டை அவிழ்த்தேன். யெமிமா சக்கூரின் காலில் விழுந்தாள்.

"என்னை எடுத்துக்கிட்டு அவரை விட்டுடுங்கய்யா."

"அதுக்கு இனிமே வழியில்லம்மா" என்றார் அவர்.

மூன்றாம் நாள் காலை, என் வாற்கோதுமை வயலின் வரப்பில் மல்கியா நின்றான். தாடியெல்லாம் மண். கையில் ஒன்றுமில்லை.

"எம் பொண்ணைப் பிடிச்சு வச்சிருக்கியாமே. நான் வந்துட்டேன். அவளை விடு."

"அவளை அன்னிக்கே விட்டாச்சு. புதுச் சட்டம். வீட்ல இருக்கா."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். சுற்றிலும் ஆளில்லை. அவன் எழுந்து ஓடியிருந்தால் என் முழங்கால் வலியோடு துரத்தவும் முடிந்திருக்காது. அதைச் சொல்லியும்விட்டேன், ஏனென்று தெரியவில்லை.

"ஓடி என்ன பண்ண?" என்றான். "மூணு நாளா அவளைக் கொன்னுடுவாங்கன்னே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இனி என்னால ஒளிய முடியாது யாசேர். அடிச்சது நான்."

எனக்கு முன்னால் அவனே ஊர்வாசலுக்கு நடந்தான். சாட்சிகள் பேசினார்கள், கல்லெறிந்து கொல்லத் தீர்ப்பாயிற்று. மகளிடம் பேச நேரம் கொடுத்தார்கள். என்ன பேசினார்களோ, நாங்கள் தள்ளியே நின்றோம். ஊரார் கல்லெறிந்தபோது நானும் எறிந்தேன்.

அவன் பங்காளிகள் பழிவாங்க வருவார்கள் என்று அறுவடை முடியும்வரை இடுப்பில் கத்தியோடு திரிந்தேன். ஒருவரும் வரவில்லை. யெமிமா தன் வயலைத் தானே அறுத்தாள். என்னைச் சித்தப்பா என்று அவள் மறுபடி கூப்பிட்டதேயில்லை.