கல்லங்குறிச்சி ரோட்டில் நடந்த லீவர்மேன்

1981 செப்டம்பர் 14, அரியலூர். ரயில் நிலைய கேபினில் லீவர் இழுத்துத் தண்டவாளம் மாற்றிவிடும் சிங்காரவேலு, ரயில்வே மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை.

ரத்தக்கொதிப்பு. மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் குறையாவிட்டால் வேறு ஊரில் ஆபீஸ் பியூன் வேலை. எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்குத் தன் கையால் வழிவிட்டவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

டவுனில் வைத்தியம் பார்த்த டாக்டர் பாலசுந்தரம், "மாத்திரை பாதிதான் செய்யும். தினம் நடங்க" என்றார்.

"கேபின் படி ஏறி இறங்குறேனே சார்."

"பத்தாது. பேச மூச்சு இருக்கணும், பாட மூச்சு இருக்கக் கூடாது. அந்த வேகம். மொதல்ல கொஞ்ச தூரம் போதும்."

சிங்காரவேலுவின் முகத்தில் நம்பிக்கையைக் காணோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, மறுமுனையை அவருடைய நெஞ்சிலேயே வைத்தார். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு எட்டு மணி நேரமானா ஆளு மாத்த வந்துடுவான் சார். இதுக்கு ரிலீவரே இல்லீங்களா?"

"பொறக்குறதுக்கு முன்னாடியிலேர்ந்து இல்ல."

மறுநாளே கல்லங்குறிச்சி ரோட்டில் இறங்கினார். கொஞ்ச தூரத்தில், கடலை மூட்டை ஏற்றி வந்த செல்லமுத்து வண்டியை நிறுத்தினான்.

"ஏறுங்க மாமா."

"இல்லப்பா, சும்மா நடக்குறேன்."

"சும்மாவா? வூட்டுல சண்டையா?"

வண்டியைத் தட்டிக்கழித்தால் பின்னாலேயே பஸ். கண்டக்டர் கொளஞ்சி விசிலை ஊதி நிறுத்தினான். "சில்லறை இல்லன்னா அப்பறம் குடுங்க, ஏறுங்க." ஜன்னலோரத்து ஆள் ஒருவர், "ரயில்காரருக்கு பஸ் ஏறுனா கவுரவம் கொறஞ்சிடுமோ" என்றார். சிங்காரவேலு ஏறிவிட்டார். அந்த வாரம் முழுக்க இதே கதை. நடந்து கிளம்பியவர் ஏதாவது ஒரு சக்கரத்தின் மேல்தான் போய்ச் சேர்ந்தார்.

"கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வேண்டுதல்னு சொல்லுங்க. ஒருத்தனும் ஏத்த மாட்டான்" என்றாள் மனைவி பொன்னம்மாள்.

"சாமி பேர்ல பொய் சொல்றதா?"

"அப்ப நெசமாவே வேண்டிக்குங்க."

பரிசோதனை வரை கோயிலுக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டார். விஷயம் பரவியதும் மாட்டு வண்டிகள் ஒதுங்கி வழி விட்டன. கொளஞ்சியின் பஸ், அவர்மேல் புழுதி படக் கூடாதென்று மெதுவாகக் கடந்துபோனது. ஆனால் உடம்பு அவ்வளவு சீக்கிரம் வழிவிடவில்லை. பாதி தூரத்துக்குள் கெண்டைக்கால் இழுத்தது. மைல்கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதியை நடக்க முடிந்தது. வேண்டுதலாகிவிட்டதால் பாதியில் வீடு திரும்பவும் முடியவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, செல்லமுத்துவின் காலி வண்டியோடு கூடவே நடந்தார். வெங்காயம் அழுகிப்போனதைப் பற்றி இருவரும் வழியெல்லாம் பேசினார்கள். கோயில் வாசலில் செருப்பை விடும்போதுதான், எங்குமே உட்காராமல் வந்திருப்பது அவருக்கு உறைத்தது.

சிலையாக இல்லாமல் கல் கம்பமாகவே நிற்கும் பெருமாளின் எதிரில் நெஞ்சில் கை வைத்து நின்றார். வேகமாக அடித்துக்கொண்டிருந்த இதயம், ஸ்டேஷனுக்குள் நுழையும் வண்டி போலத் தானாகவே வேகம் தணிந்து, சீராகி, நிதானத்துக்கு வந்தது. அவர் எதையும் இழுக்கவில்லை. எந்தக் கையும் எந்த லீவரையும் தொடவில்லை. இத்தனை வருஷம் இது தனக்குள்ளேயே நடந்திருக்கிறது. பட்டர் நீட்டிய துளசியை வாங்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

டிசம்பரில் ரயில்வே மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். அவிழ்த்துவிட்டு மறுபடியும் சுற்றிப் பார்த்தார். பழைய வேலைக்குத் தகுதி என்று எழுதினார். மறுநாள் மாலை ஷிப்டுக்கு சிங்காரவேலு கேபினில் இருந்தார்.