இம்கே உதாரணம் சொல்ல மறுத்த கதை

1
இந்தக் கதை எங்கள் குடியிருப்பின் சலவை நிலவறையில் எனக்குக் கிடைத்தது. கணிதத் துறையின் வாய்மொழித் தேர்வுகளில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் டெட்லெஃப், உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது. அதனால்தான் அவனுடைய படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினேன். மடித்து முடிப்பதற்குள் பாதி சொல்லிவிட்டான். மீதி என் கைவண்ணம்.

2
தொடக்கம்: 'முன்ஸ்டரில் மழை. இம்கே சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு—'
(வேண்டாம். இந்த ஊரில் மழையும் சைக்கிளும் செய்தியா?)
இன்னொன்று: 'இம்கே கணிதத்தைக் காதலித்தாள்.'
(பொய். அவள் காதலித்தது மாடியில் டிராம்போன் ஊதுபவனை. அதை எழுதினால் இந்தக் கதை நகராது.)
நேராகவே சொல்கிறேன். என் எதிர்வீட்டு இம்கேவுக்கு அந்த வாய்மொழித் தேர்வில் இது மூன்றாவது, கடைசி வாய்ப்பு. தோற்றால் ஜெர்மனியில் எங்கேயும் கணிதம் படிக்க முடியாது.

3
முன்பு இரண்டு தடவையும் ஒரே குழியில்தான் விழுந்தாள். நிரூபிக்கச் சொன்னால் ஓர் உதாரணத்தைக் காட்டி, "சரியா வருதே" என்பாள். "உதாரணம் நிரூபணம் ஆகாது" என்று பேராசிரியர் ஹெட்விக் டோர்ன்புஷ் அனுப்பிவிடுவார். இம்கே சபதம் எடுத்தாள்: இனி செத்தாலும் உதாரணம் கிடையாது.

(அடிக்குறிப்பு மாதிரி: சபதம் எடுப்பவர்களை எனக்குப் பிடிக்கும். கதை எழுதுகிறவர்களுக்கு வேலை மிச்சம்.)

4
"மூணு கணம், அதாவது மூணு செட், எடுத்துக்குங்க. முதல் கணத்துல இருக்கிற ஒவ்வொண்ணும் ரெண்டாவதுலயோ மூணாவதுலயோ இருக்கு," என்றார் பேராசிரியர். "அப்படின்னா முதல் கணம் முழுசா ரெண்டாவதோட உட்கணம், இல்லேன்னா முழுசா மூணாவதோட உட்கணம். நிரூபிங்க, இல்ல தப்புன்னு காட்டுங்க."
"தப்பு, மேடம்."
"சந்தோஷம். காட்டுங்க."
"எந்த மூணு கணம் எடுத்தாலும் தப்புன்னு பொதுவா நிரூபிக்கிறேன்."
"எந்த மூணுமா? முதல் கணம் ஒண்ணுமே இல்லாத வெற்றுக்கணமா இருந்தா?"
இம்கேவின் சுண்ணக்கட்டி பாதியில் நின்றது. "அது... எதுக்குள்ளயும் அடங்கிடும். அப்ப சரியாத்தான் வருது."
"ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க, போதும்."
"மாட்டேன் மேடம்."
"ஏம்மா?"
"சொன்னா பெயில் போடுவீங்க. ரெண்டு தடவை போட்டாச்சே!"
டெட்லெஃப் சிரிப்பை இருமலாக்கினான்.
"நீங்க எழுதுங்க, டெட்லெஃப். இம்கே, சரின்னு காட்டத்தான் உதாரணம் பத்தாது. தப்புன்னு காட்ட ஒண்ணு போதும்."

(இவ்வளவு பிடிவாதக்காரி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம். போன வருடம் தயிர் டப்பா எந்தக் குப்பைத்தொட்டிக்கு என்று குடியிருப்புக் கூட்டத்தையே இவள் நிறுத்திவைத்தது ஞாபகம் வந்தது. இருப்பாள்.)

5
இம்கே மேசையைப் பார்த்தாள்: பேராசிரியர் முன்னால் காப்பிக் கோப்பை, டெட்லெஃப் முன்னால் டீக் கோப்பை.
"சரி. இந்த அறையில இருக்கறவங்க முதல் கணம். இன்னிக்குக் காப்பி குடிச்சவங்க ரெண்டாவது, டீ குடிச்சவங்க மூணாவது. நீங்க காப்பி மட்டும், டெட்லெஃப் டீ மட்டும். எல்லாரும் காப்பியும் இல்ல, எல்லாரும் டீயும் இல்ல!"
"நல்லாருக்கு," என்றார் பேராசிரியர். "நீங்க என்ன குடிச்சீங்க?"
ஒன்றும் குடிக்கவில்லை. பயத்தில் காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை. அறையில் இருக்கிற அவளே காப்பி, டீ இரண்டு கணத்திலும் இல்லை, உதாரணம் உடைந்துவிட்டது.
இம்கே எட்டி டெட்லெஃபின் கோப்பையை எடுத்தாள். ஒரே மடக்கு.
"ஏய், அது என்னோட டீ!"
"இப்ப நான் மூணாவதுல இருக்கேன், மேடம்."
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிய நில்லுங்க. நாங்க பேசணும்."

6
முடிவு ஒன்று: சொன்னபோது பொய்யாக இருந்த உதாரணம் செல்லாது என்று பேராசிரியர்—
முடிவு இரண்டு: ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துத் தானே அடைத்தாளே, இதைவிட என்ன கணிதம் என்று அதே பேராசிரியர்—

எதிர்வீட்டுக்காரி நான், அவள் தோற்றுப்போய் வீட்டைக் காலிசெய்தாளா என்பது எனக்குத் தெரியாதா? சொல்ல மாட்டேன். இதோ, தேர்வறைக்கு வெளியே நடைவழியில் நிற்கிறாள். பதற்றத்தில் கோப்பையையும் தூக்கிவந்துவிட்டாள். கதவு திறக்கிறது. டெட்லெஃப் தலையை நீட்டுகிறான். கோப்பையைக் கேட்கவா, அவளைக் கூப்பிடவா? வாயைத் திறந்துவிட்டான். சீக்கிரம், அவனுக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்.