முதல் வெட்டுப் பால்

என் கொழுந்தன் மஹாத் என் மரங்களைத் திருடியது நான் இத்தாவில் இருந்தபோது. என் புருஷன் முஸல்லம் இறந்த பிறகு நாலு மாசம் பத்து நாள் நான் வாசற்படி தாண்டக்கூடாது. மலைக்குப் பின்னால் வறண்ட ஓடையில் நிற்கும் நாற்பத்தொரு குந்திரிக்க மரங்களும் முஸல்லம் நிக்காஹ்வின்போது எனக்கு மஹராகத் தந்தவை. வாய்வார்த்தைதான், காகிதம் கிடையாது. இத்தா முடிந்து நான் வெளியே வருவதற்குள், அண்ணன் மரம் தம்பிக்கு என்று மஹாத் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தான். பெரியவர்களிடம் போனேன். சாட்சி எங்கே என்றார்கள். சாட்சிகள் இரண்டு பேருமே மௌத்தாகி வருஷமாகிறது.

நான் ஹாஃபா சந்தையில் களிம்பு விற்கிறவள். குந்திரிக்கத்தை நல்லெண்ணெயிலும் தேன்மெழுகிலும் உருக்கிச் செய்வது. குதிகால் வெடிப்புக்கும் பிள்ளை பெற்ற வயிற்றின் தழும்புக்கும் சலாலாப் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள். என் மரத்துப் பிசினை ஊறவைத்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடித்தே பாதி ஊர் நெஞ்சுச்சளியை விரட்டியது. மரம் போனபிறகு அடுத்தவனிடம் பிசின் வாங்கிக் களிம்பு காய்ச்சினேன். ஒவ்வொரு முறை அடுப்பு மூட்டும்போதும் மஹாத்தைச் சபித்தேன். சும்மா சொல்லவில்லை, பெயர் சொல்லிச் சபித்தேன்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து ஒரு கம்பெனிக்காரி வந்தாள், ஜுவைனா என்று பெயர். மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜனையும் நம் ஊர்க் குந்திரிக்கத்தையும் சேர்த்து முகத்துக்குக் கிரீம் செய்கிறார்களாம். இங்கே ஒட்டகம் மத்திக் கருவாட்டைத் தின்று கொழுக்கிறது, இனி மஸ்கட் பெண்களும் மீனைப் பூசி மினுங்கட்டும் என்று சந்தையில் சிரித்தோம். மஹாத் ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்கு அலைந்தான். ஆனால் ஜுவைனாவின் சித்தி என் களிம்பைப் பூசி வாழ்ந்தவள். துஃபூல் நல்ல பிசின் என்று சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஜுவைனா சொல்லிவிட்டாள். துஃபூல் நான்தான்.

குந்திரிக்க மரத்தை முதல் தடவை சீவினால் வருகிற பாலை எவனும் எடுக்கமாட்டான். அது பட்டைத்தூளும் அழுக்குமாக இருக்கும். சுரண்டி எறிந்துவிட்டு, இரண்டு வாரம் பொறுத்து, அதே காயத்தை மறுபடி சீவ வேண்டும். மூன்றாம் சீவலுக்குத்தான் வெள்ளைமுத்துப் போல நல்ல பிசின் வரும். மஹாத்துக்குப் பொறுமை ஏது? நாலைந்து காயத்துக்கு மேல் தாங்காத மரத்தில் இருபது காயம் போட்டு, முதல் பாலையே மூட்டை கட்டியிருந்தான். அந்த மூட்டையைத் தூக்கிய சுமைதூக்கி ஒருவன் என்னிடம் மட்டும் அதைச் சொல்லியிருந்தான்.

ஒருநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து என் வீட்டுக்கு வந்தார்கள். மஹாத், ஜுவைனா, குடும்பத்துக்கு மூத்தவரான சுஹைல் மாமா, அவருடைய மகன். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். மஹாத் தன் கோப்பையைக் குடிக்காமல் தரையில் வைத்தான்.  கோரிக்கையோடு வந்த விருந்தாளி அப்படி வைத்தால், தருகிறேன் என்று நான் சொன்னால்தான் எடுத்துக் குடிப்பான். ஆற விட்டால் வீட்டுக்குத்தான் அவமானம். பெரியவரைக் கூட்டிவந்து என் மரியாதையையே எனக்குச் சுருக்காகப் போட்டிருந்தான், படுபாவி.

"அண்ணி, ஒரு வார்த்தைதான். நல்ல சரக்குன்னு சொல்லிடுங்க. நாம ஒரே குடும்பம்தானே."

 அவன் கொண்டுவந்த மாதிரிப் பையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, தூபக்காலில் கனலின் மேல் போட்டுக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

சுஹைல் மாமாவின் மகனுக்கு வாய் பிளந்துவிட்டது. தூபம் வந்தபின் உட்காரக்கூடாது, விருந்தாளி எழுந்து போக வேண்டும். கோப்பையைத் தொடுமுன் தூபம் வைப்பது எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பதற்கு ஒப்பு. அதற்குள் பட்டைத்தூள் படபடவென்று பொரிந்து கரும்புகை கிளம்பியது. ஜுவைனா முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இது முதல் பால்" என்றார் சுஹைல் மாமா. மஹாத் பக்கம் திரும்பினார். "எங்களைக் கூட்டிட்டு வந்து இதையா விக்கப் பாத்தே?"

மஹாத்தின் முகம் வெளுத்தது. ஊரில் முதல் பால் விற்றவன் என்ற பெயர் வந்தால் அவன் மகனுக்குக்கூடப் பெண் கிடைக்காது. அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"எந்த மரத்துப் பால் மஹாத் இது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னை ஏன் கேக்கிறீங்க?" என்று சீறினான். "இது என் மரத்துப் பாலே இல்லை. உங்க மரத்துப் பால் அண்ணி. அண்ணன் உங்களுக்கு மஹரா குடுத்த மரம்தான் கெட்டுப்போய்க் கிடக்குது. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

 தான் சொன்னது அவனுக்கே உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"மாமா, காதுல விழுந்துதா?" என்றேன்.

"விழுந்துச்சும்மா" என்றார் சுஹைல் மாமா. மகனைப் பார்த்தார். அவனும் தலையாட்டினான். பெரியவர்கள் கேட்ட சாட்சி இப்போது இரண்டு.

ஜுவைனா தன் காகிதக் கட்டைப் பட்டென்று மூடி, அந்த மரங்கள் தேற எத்தனை நாளாகும் என்று என்னைக் கேட்டாள். மூன்று வருஷம் என்றேன். அதற்குள் சில செத்துவிடும். அதுவரை களிம்புக்கு அடுத்தவன் பிசின்தான், எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் மனசு குளிர்ந்து கிடந்தது, பொய் சொல்லமாட்டேன்.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மஹாத் மட்டும் உட்கார்ந்திருந்தான். தூபக்காலை எடுத்து அவன் தாடிக்குக் கீழே நீட்டினேன், விடைபெறும் விருந்தாளிக்குப் புகை காட்டும் முறைப்படி. அவன் இருமி, கண்ணில் நீர் வழிய, முழுசாக வாங்கிக்கொள்ளும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.